மிஷின் வரலாம், ஆள் வரக்கூடாது

ஊர் எல்லையில் இரண்டு சவுக்குக் கம்புகளைக் குறுக்கே கட்டி, அதன்மேல் கருவேல முள்ளை அள்ளிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு கொத்து வேப்பிலை. பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, செல்போனில் செய்தி கேட்டபடி உட்கார்ந்திருந்தார் வைரக்கண்ணு. அவருக்குத் தெரியாமல் ஒரு காக்காய்கூட ஊருக்குள் நுழைய முடியாது.

மார்ச் மாதம் கொரோனாவுக்குப் பயந்து போட்ட முள் அது. செப்டம்பர் பிறந்ததும், இ-பாஸ் வேண்டாம், யாரும் எங்கும் போகலாம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆனால் வைரக்கண்ணு இன்னும் அறிவிக்கவில்லை. கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர், கோரைப்பாய் வியாபாரி என்று வந்த எல்லோரையும் திருப்பி அனுப்பினார். நாகப்பட்டினத்திலிருந்து வந்த சொந்த மச்சானையும் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் மனைவி செந்தாமரை வைத்த ரசத்தில் உப்பே இல்லை. ஊருக்காக அதையும் குடித்துத் தொலைத்தார் மனிதர்.

"கேட்டியா குஞ்சிதபாதம்? நாட்டோட பொருளாதாரம் நாலுல ஒரு பங்கு சுருங்கிடுச்சாம். எல்லாத் தொழிலும் படுத்துடுச்சு. விவசாயம் மட்டும்தான் ஏறியிருக்காம். நாட்டையே நாமதான் தூக்கி நிறுத்துறோம், தெரிஞ்சுக்க!"

காவலுக்குத் துணையாக நின்ற குஞ்சிதபாதம் சிரித்தார். "நாட்டைத் தூக்குறது இருக்கட்டும் வைரம். உன் நெல்லு தலை சாஞ்சு கெடக்கே, அதை எப்ப தூக்கப் போற?"

"திருவாரூர் ஜாபிர் பாய்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்ல? அறுப்பு மிஷினு இன்னைக்கோ நாளைக்கோ வந்துடும்."

வாய் வீராப்பாகப் பேசினாலும் கண் அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மகன் இனியவன் வேலை பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனி மூடிவிட்டதால் கோடையிலிருந்து வீட்டோடு இருந்தான். வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. மேட்டூர் அணை சரியான தேதியில் திறந்து, மூன்று ஏக்கர் குறுவை நெல் பொன்னாக விளைந்து நின்றது. ஒரு கனமழை பெய்தால் போதும், கதிர் தண்ணீரில் படுத்து முளை விட்டுவிடும்.

அப்போது ஓர் இளைஞன் பைக்கில் வந்து முள்ளுக்கு முன்னால் நிறுத்தினான். முகக்கவசம் ஒழுங்காகப் போட்டிருந்தான். "அண்ணே, இந்த வாய்க்கால் பாலம் கனமான வண்டி தாங்குமா?"

வைரக்கண்ணு அவனைப் பார்க்கவில்லை, பைக்கின் நம்பரைத்தான் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"ஆத்தூருங்க. சேலம் பக்கம். நான் எதுக்கு வந்தேன்னா..."

"எதுக்கோ வந்துட்டுப் போ! பாலம் தாங்கும், ஊரு தாங்காது. வண்டியைத் திருப்பு!"

இளைஞன் முள்ளையும் பாலத்தையும் ஒரு முறை பார்த்தான். பிறகு பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வைரக்கண்ணு நாட்டை இன்னொரு முறை காப்பாற்றிய திருப்தியில் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது ஜாபிர் போன் செய்தார்.

"என்னண்ணே, டிரைவரை விரட்டி விட்டீங்களாமே?"

"எந்த டிரைவரு பாய்? நான் மிஷினுக்கில்ல காத்திருக்கேன்?"

"மிஷினு தானா நடந்தா வரும்? பாலத்தைப் பார்த்துட்டு வண்டியை ஏத்தலாம்னு மதிவாணன் முன்னாடி பைக்ல வந்தாரு. உள்ளயே விடமாட்டேன்னுட்டீங்களாம். மிஷினை வாய்க்காலுக்கு அந்தாண்ட ஊருக்கு அனுப்பிட்டேன். அங்க முடிச்சதும் மன்னார்குடி. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

வைரக்கண்ணு போனை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். மிஷின் வரும் என்று ஒரு வாரமாக வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தவர், அதை ஓட்ட வெளியூரிலிருந்து ஓர் ஆள் வருவான் என்பதை நினைத்தே பார்க்கவில்லை.

"மசமசன்னு நிக்காதீங்க. போய்க் கேளுங்க" என்றாள் செந்தாமரை.

"அந்தப் பையன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"மூஞ்சியைக் காட்ட வேணாம். மாஸ்க்கை நல்லா ஏத்திப் போட்டுக்கிட்டுப் போங்க!"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர் எல்லையில் முள் இல்லை. ஒரு மேசையும் சோப்புத் தண்ணீரும் இருந்தன. கையைக் கழுவச் சொல்லி, நெற்றியில் கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்த்துவிட்டு, "போங்கண்ணே" என்று வழிவிட்டாள் ஒரு பெண். மதிவாணனுக்குப் பம்புசெட் கொட்டகையைத் தனியாக ஒழித்துக் கொடுத்து, சாப்பாட்டையும் அங்கேயே அனுப்பியிருந்தார்கள். வைரக்கண்ணுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தம்பி, காலையில நான் புத்தி கெட்டுப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

மதிவாணன் சிரித்துவிட்டான். "விடுங்கண்ணே. ஆந்திராவுல அறுப்பு முடிச்சுட்டுப் போனப்ப எங்க ஊர்லயே என்னை உள்ள விடல. முள்ளுக்கு அந்தப் பக்கம் எம் பொண்ணு, இந்தப் பக்கம் நான். அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமேயில்ல."

"ஐயையோ! அப்புறம்?"

"டெஸ்ட் எடுத்துக் காட்டினேன், விட்டாங்க. நீங்க வெளைய வச்சாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும். மன்னார்குடிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வயலை முடிச்சுத் தர்றேன். நாளைக்கு வெயில் ஏறினதும் வர்றேன், முள்ளை மட்டும் எடுத்து வையுங்க."

நல்ல வேளையாக அன்று மழை தூறலோடு போய்விட்டது. மறுநாள் பத்து மணிக்கெல்லாம் மிஷின் வயலில் இறங்கியது. மதிவாணன் சாப்பிடச் செந்தாமரை நண்டுக் குழம்பு வைத்திருந்தாள், உப்பு சரியாகவே இருந்தது. கடைசி மூட்டை தார்ப்பாய்க்குள் போனபோது மழை கொட்டத் தொடங்கியது. நனைந்தது வயலில் கிடந்த வைக்கோல்தான். வைரக்கண்ணு மழையில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

மழை விட்டதும் எல்லைக்குப் போனார். அங்கே குஞ்சிதபாதம் முள்ளைத் திரும்பவும் சாலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்ற?"

"உன் மிஷின்தான் போயிடுச்சே. இனிமே எவனும் வர வேணாம். வெளியூர்க்காரன் நோயைக் கொண்டாந்துட்டா யார் பொறுப்பு?"

வைரக்கண்ணு முள்ளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து வரைக்கும் நானும் இதைத்தான் சொன்னேன். இப்பதான் திருப்பூர்லேருந்து போன் வந்துச்சு. கம்பெனியைத் திறந்துட்டாங்களாம். என் மவன் நாளைக்குக் கிளம்புறான். அங்க போனா அவன்தான்யா வெளியூர்க்காரன்! அவன் தெருவுல யாராச்சும் முள்ளைப் போட்டா நான் எங்க போய் அழுவேன்?"

குஞ்சிதபாதம் முள்ளை இழுப்பதை நிறுத்தினார்.

"நோய்க்குப் பயப்படணும், நான் வேணாங்கல. மாஸ்க் போடுவோம், தள்ளி நிப்போம், காய்ச்சல்னா மறைக்காம ஆஸ்பத்திரிக்குப் போவோம். முள்ளு நோயை நிறுத்தாது குஞ்சிதபாதம், சோத்தைத்தான் நிறுத்தும். ஊருக்கு ஊரு வழி விட்டாத்தான் நாடு எழுந்திரிக்கும். ஒரு ஊரு மட்டும் தனியா எழுந்திரிச்சதா எங்கயும் கிடையாது."

குஞ்சிதபாதம் முள்ளை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அந்த ஆத்தூர்த் தம்பி நம்பரைக் குடு. என் வயலும் நாலு நாள்ல அறுப்புக்கு வந்துடும்" என்றார்.