ஆபீசருக்கு நல்ல தண்ணீர்

நகராட்சி சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த தாளை ஜீவமணி மூன்று தடவை வாசித்தாள். ‘குடிப்பதற்கு ஏற்றதல்ல.’ சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் கெட்டுக் கிடக்கிறதென்று தெரிந்து சந்தோஷப்படுகிறவள் என்ன ஜென்மம் என்று தோன்றாமலில்லை. ஆனாலும் எட்டு மாதமாக அவள் கத்தியதைக் காதில் வாங்காத பாலர் காப்பகக் கமிட்டிக்கு இப்போது முத்திரை குத்திப் பதில் வந்திருக்கிறது. அந்த மூஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை இங்கே விட்டுப் போவார்கள். பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மூடிப் பலகை பாதி உளுத்துப்போய், கைநீட்டும் தூரத்தில் சாக்கடை. வாரத்துக்கு இரண்டு தடவை வண்டித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். முறைவைத்தது போல வாரம் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கொதிக்கவைத்துக் கொடுக்கலாமே என்றால், விறகு கஞ்சிக்கு மட்டும்தான் என்றது கமிட்டி. கமிட்டியென்றால் கிளாடிஸ் அம்மாதான். கப்பல் ஏஜெண்டின் மனைவி, ஆண்டு விழாவில் ‘இந்தப் பிஞ்சு மலர்கள்’ என்று ஆரம்பித்துக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொள்கிறவள்.

“மூணு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்டுக்கு அனுப்புதோம். எப்பவும் நல்ல தண்ணின்னுதான் வருது. நீ படிச்ச பி.எஸ்ஸி. பெரிசா, கவர்மெண்டு லேபு பெரிசா?” என்று அவள் கேட்டபோது மற்ற கமிட்டி அம்மாமார் சிரித்தார்கள். ஜீவமணி பனையேறி மகள், அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

“என்ன டீச்சர், பேப்பரப் பாத்துச் சிரிக்கிய?” ஆயா பிலோமி கஞ்சிப் பானையை இறக்கியபடி கேட்டாள். பெரியதாழை என்கிற கடலோர ஊர்க்காரி. அவளுடைய நாலு வயது மகள் ஹில்டாவும் இங்கேதான் வளர்கிறாள்.

“தண்ணி கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டான் பிலோமி.”

பிலோமி நெஞ்சில் கைவைத்தாள். “ஐயையோ! கிளாடிஸ் அம்மா வீட்டுத் தண்ணியா கெட்டுப்போச்சு?”

“அவங்க வீட்டுக்கும் இதுக்கும் என்ன?”

“அங்கனதான டீச்சர் போத்தல்ல பிடிப்பேன்! பின்ன, ஆபீசர் குடிச்சுப் பாத்துத்தான எழுதுவாரு? அவருக்குப் போயி இந்தத் தொட்டித் தண்ணியவா குடுக்க? வீட்டுக்கு ஆள் வந்தாலே நாங்க நாலு தெரு அலைஞ்சு வல்லநாட்டுக் குழாத்தண்ணிதான் வாங்கியாந்து குடுப்போம். முதத் தடவையே அந்த அம்மா, ‘இங்கனயே வந்து பிடிச்சுக்கோளா’ன்னுட்டாங்க.”

ஆபீசர் ருசிபார்த்து எழுதுவாராம். இந்த மடத்தனத்தைக் கிளாடிஸ் மூன்று வருஷமாக வளர்த்து வைத்திருக்கிறாள். பிலோமியின் மேல் பொங்கி வந்த இளக்காரம் பாதி வழியில் திரும்பி ஜீவமணியின் மேலேயே விழுந்தது. போன இரண்டு தடவையும் பழுப்புத்தாள் சுற்றிய அந்தக் கண்ணாடிப் போத்தலை பிலோமி கையில் கொடுத்து அனுப்பியது யார்? போத்தலைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது ஆயா வேலை என்று நினைத்த பட்டதாரிதானே?

வாசலில் கார் வந்து நின்றது. கிளாடிஸ் அம்மா தாளை வாங்கிப் படித்தாள். முகம் வெளிறியது.

“ஏளா பிலோமி, குசினிக் குழாயில பிடிச்சியா, கொல்லைக் குழாயிலயா?”

“குசினியிலம்மா.”

“அதுலதான காப்பி போடுதோம்!” வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “போன வாரம் வாசல்ல தோண்டிப் போட்டானுவ, அப்பவே நெனச்சேன். ஏய் டிரைவர், கார எடுத்துட்டு ஓடு! ஆளக் கூட்டிட்டுப் போயி வீட்டுத் தொட்டியக் கழுவச் சொல்லு. பிளீச்சிங் பவுடர் நெறையப் போடச் சொல்லு.”

“இங்கன உள்ள தொட்டிய எப்பம்மா கழுவ?” என்றாள் ஜீவமணி.

“அவசரப்படாத. மறு டெஸ்டுக்கு இன்னொரு போத்தல் குடுத்தனுப்பியிருக்கான்லா? நாளைக்கு எங்க வீட்டுத் தண்ணி சுத்தமாயிரும். அங்கனயே பிடிச்சு அனுப்பு.” குரலைத் தணித்தாள். “தொட்டித் தண்ணிய அனுப்பினா இந்த எடத்தப் பூட்டிருவான். பூட்டினா பிள்ளைய எல்லாம் உப்பளத்து வரப்புல கெடக்கும். நீயா வந்து தூக்குவ?”

“இருங்க. தொட்டித் தண்ணியில ஒரு காப்பி போட்டுத் தாரேன். குடிச்சிட்டுப் போங்க.”

கிளாடிஸ் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “படிச்ச திமிரு” என்று காற்றிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்து நடந்தாள்.

வரப்பைப் பற்றி அவள் சொன்னது மட்டும் பொய்யில்லை. அந்த வெயிலில் கண் கூசிப் பீளைகட்டி, உப்பில் கால் வெடித்த பிள்ளைகளை ஜீவமணி பார்த்திருக்கிறாள். அதையும் தெரிந்துகொண்டுதான் அந்த அம்மா பேசுகிறாள் என்பதில் இன்னும் எரிந்தது.

“பூட்டிட்டா ஹில்டாவ நான் எங்கன போடுவேன் டீச்சர்?” பிலோமி முனகினாள்.

“இப்ப எங்கன போட்டிருக்க? சாக்கடையிலதான?”

சொன்ன பிறகு உறைத்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பற்றவைத்து, கிருமி சாகத் தொட்டிக் குழாயின் வாயைச் சுட்டாள். கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு, புதுப் போத்தலின் பழுப்புத்தாளை உரித்து, விளிம்பில் விரல் படாமல் அதில் பிடித்தாள். பின்னால் தம்ளரோடு ஹில்டா நின்றிருந்தாள்.

“யாருக்கு டீச்சர்?”

“ஆபீசருக்கு.”

குழந்தை முகத்தைச் சுளித்தது. “அவருக்கா? இது எங்களுக்கு உள்ள தண்ணிலா?”

ஜீவமணி தம்ளரை வாங்கிக் கவிழ்த்தாள். கஞ்சி விறகில் நான்கைந்தை அடுப்பில் திணித்துக் குண்டானில் தண்ணீரை ஏற்றினாள். செருப்பைத் தேடித் திரும்பியபோது போத்தல் பிலோமி கையில் இருந்தது.

“நான் கொண்டு போறேன். குடு.”

“பிள்ளையள யாரு பாக்க? நீங்க இரிங்க.” விடவில்லை.

ஜீவமணி வாசலுக்கு வந்து நின்றாள். நேரே போனால் நகராட்சி. வழியில் கிளாடிஸ் அம்மா வீட்டுக் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஆட்கள் தொட்டியைத் தேய்க்கும் சத்தம். பிளீச்சிங் பவுடர் கரைந்த வெள்ளைத் தண்ணீர் கேட்டைத் தாண்டி வந்து தெருவின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பிலோமி அதன் கரையில் நின்றாள். போத்தலை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். வெயில் பட்டு அது பச்சையாக மின்னியது. பிறகு கேட் பக்கம் திரும்பாமல், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, வெள்ளைத் தண்ணீருக்குள் ஒரு காலை எடுத்து வைத்தாள்.