வெள்ளிக்கிழமை மீன்கறி

நான் முகநூலில் தொடர்கதை எழுதுகிறவன். வேலை, மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குவது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில்தான் எழுதுவேன். என் கதைகளில் எப்போதும் ஒரு சோடி வார இறுதிக்கு எங்கேயாவது போகும். ஏரி, மரவீடு, கணப்பு. வெள்ளி காதல், சனி சந்தேகம், ஞாயிறு பிணம். சனத்துக்கு அது பிடிக்கும். நான் ஒருநாளும் அப்படி ஒரு வீட்டில் தங்கியதில்லை.

அருமைராசா தங்கினான். பன்னிரண்டு வருடமாக அவன் காரில்தான் நான் வேலைக்குப் போகிறேன். போன மார்ச்சில் அவனும் மனைவி அக்னெஸும் வடக்கே ஓர் ஏரிக்கரையில் இரண்டு இரவு இருந்துவிட்டு வந்தார்கள். அவர்களுடைய கத்தோலிக்கக் கோயில் பங்குச் சனத்துக்குச் சொன்ன காரணம் கலியாண நாள். திங்கட்கிழமை காரில் எனக்கு வேறு சொன்னான்.

"மச்சான் பேரின்பம், கலியாண நாளும் இல்லை, மண்ணும் இல்லை. வீட்டிலை கதைச்சா மகனுக்குக் கேக்கும், பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அதுதான் எங்கையாவது கூட்டிக்கொண்டு போகச் சொன்னவள்."

"என்ன கதைக்க?"

"மகன் படிச்சு முடிய, தான் டொரொன்ரோவிலை தங்கச்சியோடை போய் இருக்கப் போறாளாம். என்னோடை இருந்து களைச்சுப் போனாளாம். நான் அழுதிட்டன் மச்சான். பேந்து அவளும் அழுதாள். இப்ப ஒருமாதிரிச் சமாளிச்சு இருக்கிறம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"சீ, நான் சொல்லுவனே?"

சொல்லவில்லை. எழுதினேன்.

பெயர்களை மாற்றினேன். அக்னெஸைத் தாட்சாயினி ஆக்கி நெற்றியில் பொட்டும் வைத்தேன். காரின் நிறத்தையும் ஏரியையும் மாற்றினேன். "மகன் படிச்சு முடிய டொரொன்ரோவுக்குப் போயிடுவன்" என்று அவள் சொன்னதை மட்டும் அப்படியே வைத்தேன். நான்காம் பாகத்தில் கணவன் அவளை உறைந்த ஏரியில் நடத்திக்கொண்டு போய், பனிக்கட்டி மெல்லிதான இடத்தில் தள்ளிவிட்டான். "உவனை விடாதேங்கோ அண்ணை" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

பிழையைக் கண்டுபிடித்தது என் மனைவி குணேஸ்வரி.

"ஏனப்பா, பொட்டு வைச்ச பொம்பிளை, வெள்ளிக்கிழமை எண்டு கோழியைத் தொடாமல் டின்மீன் கறி வைப்பாளே? எங்கடை ஆக்களுக்கு வெள்ளியிலை மீனும் இல்லையெல்லோ. உது தவக்காலத்திலை இறைச்சி விடுற வேதக்காரச் சமையல்."

வெள்ளி இரவு அக்னெஸ் டின்மீன் கறி வைத்ததாக அருமைராசா காரில் சொன்னதையும் யோசியாமல் அப்படியே போட்டிருந்தேன். சைவக்காரன் எனக்கே அது உறைக்கவில்லை.

"கதைதானே," என்றேன்.

"கதைதான். தவக்காலத்திலை ஏரிக்கரைக்குப் போன வேதக்காரர் மொன்றியலிலை எத்தினை பேர்?"

அதற்குள் பங்குச் சனமும் கணக்குப் பார்த்துவிட்டது. ஞாயிறு பூசை முடிய ஒருத்தி அக்னெஸிடம், "டொரொன்ரோவுக்கு எப்ப அக்கா பயணம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

திங்கள் காலை கார் வராது என்று நினைத்தேன். வந்தது. டோர்வல் தாண்டியதும் அருமைராசா வானொலியைக் குறைத்தான்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன். நான் அவளைத் தண்ணிக்குள்ளை தள்ளுற ஆள் மாதிரியோ உனக்குத் தெரியிறன்?"

"இல்லையடா, வாசிக்கிற சனத்துக்காக..."

"நான் அழுதனான் எண்டெல்லோ உனக்குச் சொன்னனான்."

அவன் அழுததை நான் எழுதவில்லை. அழுகிற கணவனை ஆர் வாசிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுப் படியேறினேன். அக்னெஸ் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நீங்கள் எழுதினதை விடுங்கோ. அந்தாள் உங்களிட்டைச் சொன்னதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

"கதையை இப்பவே அழிச்சுவிடுறன், அக்னெஸ்."

"அழிச்சா, உண்மைதான் எண்டு சனம் சொல்லும்."

வரும் வழியில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அப்ப, இது எங்கடை வீட்டுக் கதை, குணேஸ்வரிதான் என்னை விட்டிட்டுப் போக வெளிக்கிட்டவள் எண்டு எழுதிவிடுறன். எங்களைப் பாத்துச் சிரிக்கட்டும்."

அதைச் சொன்னபோது நான் நல்லவன் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது.

அக்னெஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"அக்காட்டைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கைபேசியில் பாதி எழுதியும் வைத்திருந்தேன்.

"போயிட்டு வாங்கோ அண்ணை," என்று கதவைச் சாத்தினார்.

வீட்டுக்குப் போய்க் குணேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டேன்.

அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஏலாது," என்றாள். "பாவம் அக்னெஸ். ஆனா உங்கடை கதைக்கு என்னைத் தரமாட்டன்."

கதை நாலாம் பாகத்தோடு நிற்கிறது. அவளை வற்புறுத்த எனக்கு முகமில்லை.