பின்கதவுக்குக் கம்பு கொடுத்தவன்

கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் ராமுத்தாயின் உச்சந்தலை விண்விண்ணென்று தெறித்தது. இடுப்பும் பிடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு முன்னால் ஈரப் புல்லில் மூன்று மணி நேரம் குந்திப் படம் பார்த்த பலன். குனிந்தால் வலி, நிமிர்ந்தால் அதைவிட வலி. கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் கூடையில் எறிந்துகொண்டே நிரையில் நகர்ந்தாள்.

எஸ்டேட்டில் மாதம் ஒரு முறை வெள்ளை வேட்டியைக் கட்டிச் காசு வாங்காமல் படம் காட்டுவார்கள். இந்த மாசியில் வந்தது ஒரு கொள்ளைக்காரப் படம். ஐந்து பேர் பாங்கில் புகுந்து, ஒரு பிள்ளைத்தாச்சி உட்படப் பதினோரு பேரைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். பெட்டி நிறையப் பணமும் ஒரு காரும் கொடுத்தால்தான் விடுவோம் என்கிறார்கள். கடைசியில் காப்பி கொண்டுபோகிறவன் வேஷத்தில் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து ஐந்து பேரையும் சுடுகிறார். ஒவ்வொருத்தன் விழும்போதும் தொழிலாளர் லயத்துச் சனம் விசிலடித்தது. ராமுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன ஆனியில் இதே சனம்தான் எஸ்டேட் மேனேஜர் தொரையை ஆபீசுக்குள் வைத்து ஒன்பது மணி நேரம் நகரவிடாமல், கெரோ என்று சுற்றி நின்றது.

"யக்கா, அந்தப் புள்ளத்தாச்சி தப்பிச்சிட்டாள்ல, அப்பந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு," என்றாள் அடுத்த நிரையில் கிள்ளிக்கொண்டிருந்த பூமாரி.

"நல்லாருந்துச்சோ படம்?"

"நல்லாத்தாங்க்கா இருந்துச்சு."

"கெரோ பண்ணுனவுகள சுட்டுத் தள்ளுதான். அது ஒனக்கு நல்லாருக்கோ? ஆருக்காவண்டிடீ நாங்க அன்னைக்கு நின்னோம்?"

பூமாரி கிள்ளின கொழுந்தைக் கூடையில் எறிந்தாள். அவள் பிள்ளைக்குத்தான் ஆனியில், வேலை நேரத்தில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைமடுவத்தில் ஜன்னி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கேட்டார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றியாயிற்று, இறக்க முடியாது என்றான் தொரை. எட்டு மைல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்தாவது மைலில் பிள்ளை போய்விட்டது. அதற்காகத்தான் கெரோ.

"அதுக்கில்லக்கா," என்றாள் பூமாரி. "படத்துல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா ஒடனே வண்டி வருது. மணியடிச்சிக்கிட்டு அத்தன வண்டி வருது. அதப் பாக்க எனக்குப் புடிச்சிருந்துச்சு."

முன்னால் போய்க்கொண்டிருந்த சந்தனமேரிதான் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "படமாம் படம். அஞ்சு தடியனுக்கு ஒருத்தனுக்காச்சும் ஊடு உண்டா, பொண்டாட்டி உண்டா? எதுக்குக் கொள்ளையடிக்க வந்தான்னு ஒரு வார்த்த சொன்னானா? வாரான், செத்துப்போவுதான். எங்க ஊட்டு நாய்கூட இதவிட வெவரமாச் சாவும்."

நிரை முழுதும் சிரித்தது. ராமுத்தாய் சிரிக்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் வியாழக்கிழமையில் இருந்தது. அன்றைக்குத்தான் கோர்ட்டில் சாட்சி விசாரணை.

கெரோவுக்காகப் போலீஸ் பிடித்தது அவள் புருஷன் சுருளிவேலை மட்டும். யூனியனில் லயத்துக்குப் பேசுகிறவன் அவன்தான் என்பது போதுமாயிருந்தது. தொரையை அடைத்து வைத்தான் என்று கேஸ். வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஆபீஸ் முன்வாசல் திறந்துதான் கிடந்தது, பின்கதவுக்கு வெளியே கம்பு கொடுத்து அடைத்தது யாரென்று சொல்ல ஆளில்லாவிட்டால் கேஸ் நிற்காது.

ஆள் யாரென்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சுருளியின் சித்தப்பா மகன், சாக்கு சுமக்கிற கருத்தப்பாண்டி. அவன் கவாத்துக் கம்பை எடுத்துப் பின்கதவுக்குக் குறுக்கே கொடுத்த நேரத்தில், சுருளி முன்ஜன்னல் வழியாகத் தொரைக்குக் குடிக்கத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தான். ஸ்டேஷனில் சுருளிக்கு முன்பல் இரண்டு போயிற்று. தம்பி பேரைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் லயத்துச் சனம் அறுபது பேரும் மாரியம்மன் கோயிலில் ஒவ்வொருத்தராக எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்: பின்கதவுக்குக் கம்பு கொடுத்தவன் பேரை எவரிடமும் சொல்வதில்லை. கருத்தப்பாண்டியும் அணைத்தான்.

மதியம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சூப்பர்வைசர் மிக்கேல்ராஜ் என்றைக்கும் இல்லாத நல்ல முகத்தோடு இருந்தார். தண்ணி கொழுந்து, முத்தல் கொழுந்து என்று எடையைக் கழிக்கவில்லை. சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த கருத்தப்பாண்டியிடம் சிகரெட் ஒன்றை நீட்டினார்.

"என்னடே, நேத்துப் படம் எப்படி? இன்ஸ்பெக்டரு அடிச்ச அடி கண்டியா?"

"என்ன படம் சார்," என்றான் கருத்தப்பாண்டி, புகையை மூக்கில் விட்டுக்கொண்டு. "அஞ்சு பேரு, கையில துப்பாக்கி, வெளிய பின்வாசலப் பாக்க ஒருத்தன் இல்ல! காப்பிக்காரன் எங்கேர்ந்து வந்தான்? பின்வாசல்லேர்ந்துதான வந்தான்? மடப்பயலுக."

"ஆமா, நீங்க பெரிய வெவரக்காரனுக."

"நாங்க துப்பாக்கியா வச்சிருந்தோம்? ஒரு கவாத்துக் கம்பு. ஒரே கம்பு சார், ஒம்பது மணி நேரம்!"

கூடையை இறக்கிக்கொண்டிருந்த ராமுத்தாய் சட்டென்று திரும்பினாள். "ஏலே, வாய மூடுலே," என்றாள்.

"சும்மா இருங்க மதினி, படக்கதைதான பேசுதோம்."

"நம்புற மாரி இல்லியே," என்றார் மிக்கேல்ராஜ். "கம்ப வச்சி அடைக்க நெஞ்சுல தெம்பு வேணுமேடே. ஒன்னயப் பாத்தா அப்பிடித் தெரியலயே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கருத்தப்பாண்டி சிகரெட்டைப் பார்த்தான், ராமுத்தாயைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, படத்தில் வருகிறவன்போல் காலை அகட்டி, கையில் இல்லாத கம்பைக் குறுக்கே வைத்துக் காட்டினான். "நான் எங்க சார்? எங்கண்ணன்! சுருளி அண்ணன்! இப்பிடி ஒரே சொருவு. சொருவிட்டு, முதுக வச்சிச் சாஞ்சான் பாருங்க... கதாநாயகன்னா அவந்தான் கதாநாயகன்."

சனம் கைதட்டியது. பொய்யென்று தெரிந்தும் தட்டியது. மிக்கேல்ராஜும் தட்டினார். ராமுத்தாய் கூடையை அப்படியே விட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்தாள். நாலு பேர் வந்து விலக்கினார்கள். "படத்துக்குப் போயி இந்தச் சண்டையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சாயங்காலம், ஜாமீனில் வந்திருந்த சுருளிவேல் இதை நம்பவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் படுத்தவன் என்றான். தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு நேராகவே கேட்டான்.

"சத்தியத்த மீறிட்டியாலே?"

"எங்கண்ணே மீறுனேன்?" கருத்தப்பாண்டி உண்மையாகவே திகைத்துப் போனான். "கம்பு குடுத்தவன் பேரத்தான சொல்லக்கூடாதுன்னு சூடம் அணச்சோம்? நான் குடுக்காதவன் பேரத்தான சொன்னேன். ஆத்தாவுக்குத் தெரியும், நான் சத்தியம் தப்பல."

ராமுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தில் கள்ளத்தனம் இல்லை. ஆத்தாவின் கோபம் தன்மேல் வராது என்று நிசமாகவே நம்பினான். அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பல்லிடுக்கில் இன்னும் சிகரெட் வாடையோடு அவன் உட்கார்ந்திருந்த இடத்தை, அவன் போனபின் சாணி போட்டு மெழுகினாள்.

வியாழக்கிழமை மிக்கேல்ராஜ் கூண்டில் ஏறினார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். சுருளிதான் கம்பு கொடுத்தான் என்று கேட்டதை, சொன்னவன் பேர், கேட்ட இடம், நேரம் எல்லாவற்றோடும் ஒப்பித்தார். அப்போது அங்கே கைதட்டினவர்கள் எத்தனை பேர் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் வக்கீல் சுருளியைப் பார்க்காமல் ராமுத்தாயைப் பார்த்துப் பேசினார்: "ஒரே வழிதான் இருக்கு. செஞ்சவன் வந்து, நாந்தான் செஞ்சேன், அண்ணன் பேர வீம்புக்குச் சொன்னேன்னு கோர்ட்டுல சொல்லணும். அடுத்த வாய்தாவுக்குள்ள."

அன்று ராத்திரியே கருத்தப்பாண்டி மறையூருக்குக் கரும்பு ஆட்டப் போய்விட்டான். அடுத்த வாய்தாவுக்கு வரவில்லை. சுருளிவேலுக்கு ஆறு மாசம். அவனைக் கூட்டிக்கொண்டு போகிற ஜீப்புக்குப் பின்னால் பூமாரி கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றாள்.

பங்குனிக் கடைசியில் கருத்தப்பாண்டி திரும்பினான். வாசலில் வந்து நின்று, வாழைச்சருகில் சுற்றின வெல்லச் சர்க்கரை உருண்டை இரண்டை நீட்டினான். மறையூரில் புதிதாகக் காய்ச்சியது, இன்னும் இளஞ்சூட்டு வாசனை போகவில்லை.

"புள்ளைகளுக்குக் குடுங்க மதினி. அண்ணன் வார வரைக்கும் வீட்டுச் செலவ நான் பாத்துக்கிடுதேன். வேற என்ன வேணும், சொல்லுங்க. செய்யுதேன்."

"வக்கீலய்யா மேல்கோர்ட்டுக்குப் போலாம்னு சொல்லிருக்காரு. நீ வந்து சொல்லுதியா?"

கருத்தப்பாண்டி தரையைப் பார்த்தான். "எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு மதினி."

அவள் உருண்டைகளை வாங்கி, அவன் பார்க்கும்படியே சாக்கடையில் போட்டாள். கறுப்புத் தண்ணீரில் அவை கரையத் தொடங்கின. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்கு முன்னால் மறுபடி வேட்டி கட்டினார்கள். ராமுத்தாய் போகவில்லை. விசில் மட்டும் லயம் வரைக்கும் கேட்டது. முதல் விசில் கருத்தப்பாண்டியுடையது என்று அவளுக்குத் தெரியும்.

சுருளி ஆறு மாசத்தையும் கழித்துவிட்டு வருவான். முன்பல் இரண்டும் வராது. அவற்றைக்கூட அவள் கேட்கவில்லை. கருத்தப்பாண்டி அவர்களுக்குத் தர வேண்டியது ஒன்றே ஒன்று, அது இன்னும் பாக்கி: பின்கதவுக்குக் கம்பு கொடுத்தது நான்தான் என்று கோர்ட்டில் ஒரு வாக்குமூலம்.