ஒற்றைச் சக்கர வண்டியில் மேஸ்திரியின் பந்தயம்

வேலை செய்தால்தான் தோள் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். ஏழு மாதம் சும்மா கிடந்ததில் அதைவிட அதிகமாக வலித்தது. உலைக்கு நிலக்கரி அள்ளிய தோள். வேறெதுவும் அதற்குத் தெரியாது.

1932. அமெரிக்காவின் ஓஹையோவில் எங்கள் ஊர் உருக்காலையில், வாரம் இரண்டு நாள் வேலை யாருக்கு என்று பட்டியல் போடுபவர் மேஸ்திரி ஸ்டாட்லர். நவம்பர் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஜனாதிபதி தேர்தல் நெருங்கவும், மறுபடி நின்ற பழைய ஜனாதிபதியின் படம் போட்ட பித்தானைக் கோட்டில் குத்திக்கொண்டு, "புதுசா வர்றவன் ஆலையை இழுத்து மூடிருவான்டா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆலையில் பாதி அப்போதே மூடித்தான் கிடந்தது.

முடிதிருத்தும் கடையில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"புது ஆளுதான் ஜெயிப்பான் மேஸ்திரி."

"பந்தயமாடா ஆண்ட்ரே?"

"பந்தயம்."

தேர்தல் பந்தயத்தில் தோற்றவன் ஜெயித்தவனை மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் உட்காரவைத்து மெயின் தெருவில் தள்ளிப்போக வேண்டும். ஊர் வழக்கம் அது.

வீட்டில் என் மனைவி லுட்மிலா கரண்டியைக் கீழே போட்டாள். "பட்டியல் போடுறவர்கிட்டயா பந்தயம் கட்டுவீங்க? தோத்தா அவரைத் தள்ளணும். ஜெயிச்சா பிள்ளைங்க பட்டினி."

ஜெயித்துத் தொலைத்தேன்.

சனிக்கிழமை தெரு நிறைய ஜனம். மேஸ்திரி மூச்சு வாங்கத் தள்ளினார்.

"ஊரே இளைச்சிருச்சு, நீ மட்டும் ஏன்டா இந்தக் கனம்?"

"உருளைக்கிழங்கு மேஸ்திரி. வேற எதுவும் கிடைக்கல."

"பாத்துத் தள்ளுங்க, வண்டியில புது அரசாங்கம் உட்கார்ந்திருக்கு!" என்று முடிதிருத்துகிறவன் கத்தினான்.

ஆள் குறைந்த இடம் வந்ததும் மெல்லக் கேட்டேன். "பட்டியல்ல என் பேரு..."

வண்டி நின்றது. "பட்டியலே இல்லடா. திங்கக்கிழமை ஆலையை மூடுறாங்க. எனக்கும் சீட்டைக் கிழிச்சாச்சு. தேர்தலுக்கு முந்தின வாரமே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு அந்தப் பித்தான்?"

"முதலாளி பழைய ஆளு கட்சி. இதைப் பாத்து மனசு மாறுவாரோன்னுதான்."

"ஓட்டு?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "புது ஆளு என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது. பழைய ஆளு என்ன செஞ்சான்னு தெரியும்."

"அப்ப, உங்க ஓட்டாலயே நீங்க தோத்தீங்களா?"

"வாயை மூடிக்கிட்டு உட்காருடா."

உட்காரவில்லை. இறங்கி ஒரு கைப்பிடியைப் பிடித்தேன். காலி வண்டியை இருவருமாகத் தள்ளினோம், பின்னாலிருந்து ஜனம் ஊளையிட்டது.

புது ஜனாதிபதி பதவியேற்றும் ஆயிற்று. அவரவர் கடைசியாக வேலை செய்த இரண்டு வாரக் கூலி, எனக்குப் பதினோரு டாலர், மேஸ்திரிக்கு முப்பத்தெட்டு, ஆலை இன்னும் தரவில்லை.