கீழ்த்தளத்துக் கதவு

ஒரு பெரியவரின் புது மூக்குக்கண்ணாடியைச் சூடு காட்டி, காதுப்பக்கம் வளைத்துக்கொண்டிருந்தபோது என் வாக்கியம் எனக்கே கேட்டது. கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இல்லை. பெரியவரின் மகன் பக்கத்து நாற்காலியில் கைபேசியில் ஏதோ குரல்பதிவைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கப்பல் சாயறதுக்கு முன்னாடியே கீழ்த்தளத்துக் கதவு பூட்டியிருந்துச்சு. வெளியிலேருந்து. நான் பார்த்தேன்.”

யாரோ பதிவின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். தொண்டை கட்டிய கிழவர் பேசுவதுபோல இழுத்தது. ஆனால் ‘வெளியிலேருந்து’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு வாங்கியதே, அது நான் வாங்கிய மூச்சு.

“யாரு பேசறது?” என்றேன்.

“கப்பல்ல வேலை பார்த்தவராம். இத்தனை வருஷமா பயந்துக்கிட்டு வாயே திறக்கலையாம்.”

“நெருப்பில்லாம புகையுமா?” என்றார் பெரியவர். பிறகு, “காதைப் பிய்ச்சிடாதேம்மா, இருக்கிறது ரெண்டுதான்.”

வரிசைப்படி சொன்னால்தான் எனக்கே பிடிபடும். வேலை முடிந்து நான் போகும் மாலை வகுப்பில் கதை எழுதக் கற்றுத் தருகிறார்கள். எழுதியதைக் கைபேசியில் வாசித்துப் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பது வாத்தியாரின் முறை. கண் ஏமாறும், காது ஏமாறாது என்பார். “தலைப்பு, முன்னுரை ஒண்ணும் வேண்டாம். கூண்டுல நிக்கிற சாட்சி மாதிரி நேரா ஆரம்பிங்க” என்றார். நான் அப்படியே செய்தேன். இது கதை என்று சொல்லும் ஒரு சொல்கூட அந்தப் பதிவில் இல்லை.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மூழ்கி, நாட்டையே அழவைத்த அந்தக் கப்பலைத்தான் என் மர்மக்கதைக்கு எடுத்துக்கொண்டேன். அதிகப்படி ஆட்களும் காற்றும்தான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. கீழ்த்தளக் கதவுக்குச் சங்கிலி போட்டுவிட்டுப் படியேறிப் போகும் மஞ்சள் மழைக்கோட்டுக்காரனை நான் உண்டாக்கினேன். வகுப்பிலிருந்த தையல்காரர் பதிவை யாருக்கோ அனுப்பினார். நன்றாக இருந்தது, அதனால் அனுப்பினேன் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

என் அக்காவின் கணவர், அத்தான், அந்தக் கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தார்.

அதனால்தான் நான் கதை எழுதுவதை அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா இப்போதுதான் தேறியிருந்தாள். சலவைக்கடையில் அவளோடு வேலை பார்க்கிறவளின் அண்ணன், பஸ் டிரைவர், பதமான மனிதர். பதிவு அலுவலகத்தில் அக்காவும் அவரும் கல்யாணத்துக்கு நாள்கூடக் குறித்துவிட்டார்கள். அன்று நான் வீடு திரும்பியபோது அக்கா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைபேசி.

“அவர்கிட்ட இப்ப வேணாம்னு சொல்லிட்டேன்.”

“ஏன்க்கா?”

“பூட்டி வெச்சுக் கொன்னிருக்காங்கடி. எவன்னு தெரியாம, நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுச் சிரிச்சிக்கிட்டு நிக்கவா?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊர் வாய் தானாக ஓயும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேறு ஒன்றும் இருந்தது. என் வாக்கியத்தைக் கேட்டு ஒருத்தி விளக்குப் போட மறந்திருக்கிறாள் என்பதில் மிகச் சிறிய, அசிங்கமான ஒரு சந்தோஷம்.

மறுவாரம் டிரைவர் கடைக்கே வந்துவிட்டார். “கப்பல்ல எப்பவாச்சும் வேலை பார்த்தீங்களான்னு உங்கக்கா என்னையே கேக்கிறாங்க. எனக்கு நீச்சலே தெரியாதும்மா. குளிக்கிறதுகூடக் குவளையிலதான்” என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “நீங்க கொஞ்சம் பேசுங்க.”

பேசுவதற்கு முன் அக்கா என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். இறந்தவர்களின் வீட்டார் பள்ளிக்கூடக் கூடம் ஒன்றில் கூடியிருந்தார்கள். மின்விசிறிகள் எல்லாம் ஓடியும் புழுக்கம். உயிர் தப்பிய கப்பல் சமையற்காரர் எழுந்தார். ஒல்லியான மனிதர், பேசும்போது சட்டை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அந்த மஞ்சள் கோட்டுக்காரனை நானும் பார்த்தேன். இவ்வளவு நாளா கனவுன்னு நினைச்சிருந்தேன்.”

பாவம், பதிவைக் கேட்டுக் கேட்டு நினைவில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எண்ணினேன். அப்படி நடக்கும் என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார்.

“இடது காலை இழுத்து இழுத்து நடந்தான்” என்றார் அவர்.

முதல் பிரதியில் அவனை நான் நொண்ட வைத்திருந்தேன். இடது கால்தான். வில்லன் நொண்டுவது மலிவான உத்தி என்று தோன்றவே, பதிவுசெய்யும் முன்பே அடித்துவிட்டேன். அந்தக் காலைப் பற்றி நான் எவரிடமும் வாய் திறந்ததில்லை. ஒருவேளை பதிவில் வாசித்துவிட்டேனோ என்று கூடத்துக்கு வெளியே, ஒரு தூணோரம் நின்று முழுதும் கேட்டேன். இல்லை. திரும்பவும் கேட்டேன். இரண்டாம் முறை கேட்கும்போது அந்தக் கிழக்குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மூச்சுகூட என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். “அக்கா, அது நான் எழுதின கதை. அந்த மஞ்சள் கோட்டை நான்தான் மாட்டிவிட்டேன். அப்படி ஒருத்தனும் கிடையாது.”

அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். “என்னைத் தேத்தறதுக்குச் சொல்றே.”

“சத்தியமா.” அவள் முன்னால் நின்று அந்தப் பகுதியை என் சொந்தக் குரலில், மனப்பாடமாக, மூச்சு வாங்கும் இடங்கள் உட்படச் சொல்லிக்காட்டினேன். அவள் நம்புகிறாள் என்பது முகத்தில் மெல்லத் தெரிந்தது. கோபம் வரட்டும், அறையட்டும், நாளைக்கு டிரைவருக்குப் போன் செய்யட்டும் என்று காத்திருந்தேன்.

“அந்தக் காலு?”

பொய் சொல்லியிருக்கலாம். “அதையும் நான்தான் எழுதினேன். அப்புறம் அடிச்சிட்டேன். யாருக்கும் படிச்சுக் காட்டலை.”

“அப்ப அந்தச் சமையக்காரருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியலைக்கா.”

“அது கிடக்கட்டும்.” அவள் குரல் தணிந்தது. “உனக்கு எப்படித் தெரியும்?”

எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தேன். பிறவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. மழைக்கோட்டு, எதிர்க்கடை வாசலில் தொங்கியது. சங்கிலி, எங்கள் கடை ஷட்டருடையது. காலுக்கு மட்டும் எதுவும் அகப்படவில்லை. எழுத உட்கார்ந்தபோதே அவன் அப்படித்தான் நடந்து வந்தான்.

“நடந்து காட்டு” என்றாள் அக்கா.

“வேணாம்க்கா.”

“எப்படி நடந்தான்னு காட்டுடி.”

நடந்தேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வலது கால் ஊன்றியது, இடது கால் தரையை உரசிக்கொண்டு பின்னால் வந்தது. சுவர் வரைக்கும் போய்த் திரும்பினேன். நிறுத்தியிருக்கலாம், மறுபடியும் போனேன். உரசும் சத்தம் அறையை நிறைத்தது.

அப்போது கீழேயிருந்து தட்டினார்கள்.

கீழ்வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல் ஒட்டடைக் கம்பால் கூரையை இடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியாமல் இராது. நான் ஒற்றைக் காலில் அப்படியே நின்றேன். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, மண்டியிட்டு, முடியை ஒதுக்கிவிட்டுத் தரையில் காதை வைத்தாள். தட்டல் நின்று, பொறுத்து, இன்னும் பலமாகத் தொடங்கியது.

“இதோ” என்றாள் தரையைப் பார்த்து. “இதோ, இருங்க.”