துரையின் நிழல்

காலை ஐந்து இருபது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸின் அடியைக் கம்பி பிரஷால் தேய்த்தாள். பள்ளத்துக்குள் ஒரு விதை மாட்டிக்கொண்டிருந்தாலும் அது அவளோடு நடந்து தீவின் மறுபக்கம் போய்விடும். ஒன்பது வருடமாகத் தினமும் செய்வது. கை தன்பாட்டில் செய்தது.

உள்ளே கணவன் கட்டிலில் காலை நீட்டியிருந்தான். முந்தைய நாள் பாறையில் வழுக்கியதில் கணுக்கால் வீங்கி, பூட்ஸ் ஏறவில்லை.

"துரையை இன்னிக்கு நீதான் எடை போடணும்."

"அவருக்குச் சொல்லி அனுப்பினீங்களா, வேற ஆள் வருதுன்னு?"

"நக்கலா? போனதும் துணிப்பையை மேல போடு. யோசிச்சுக்கிட்டு நின்னா கொத்திடும். பத்து நிமிஷத்துல வெளிய வந்துடு. அதுக்கு மேல இருந்தா தின்னதையெல்லாம் கக்கிடும்."

துரை ஒரு குஞ்சு. நீள வால் வெள்ளைக் கடற்பறவைகள் ஒரு காலத்தில் இந்தத் தீவில் நிறைய இருந்தன. எலிகள் வந்து முட்டைகளைத் தின்று தீர்த்தன. எலிகளை ஒழித்து ஆறு வருடம் கழித்து இந்த வருடம்தான் முதல் ஜோடி திரும்பி வந்தது. தரையில், புதர் நிழலில், ஒரே ஒரு முட்டை. பொரித்து வெளியே வந்தது நிழலை விட்டு நகராமல், ஊட்டச் சொல்லித் தாய் தகப்பனை அதட்டியது. அதனால் அந்தப் பெயர்.

பறவைகள் அவன் வேலை. செடிகள் அவள் வேலை. கூட்டைச் சுற்றிப் பதினைந்து அடிக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தான். அதற்குள் அவன் மட்டும் போகலாம். அவள் கயிறு பிடித்து வரிசை வரிசையாகக் களை தேடி வரும்போது நாடா வந்தால் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் தொடர்வாள். இருவரும் சேர்ந்து போட்ட விதி. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

அன்றுதான் முதல்முறையாக நாடாவுக்கு அடியில் குனிந்தாள்.

குஞ்சு அலறியது. பையைப் போட்டாள். தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டினாள். முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டாள். திரும்ப வைக்கும்போது ஒரு கிளை முகத்தில் உரசியது. இலையின் அடிப்பக்கம் சிவப்பு. காம்பில் முள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவளுக்கு அந்த இலை தெரியும்.

வெடிச்செடி. இடுப்பு உயரம். குஞ்சின் மேல் நிழலாய்க் கவிந்திருந்தது அதுதான். சுற்றியிருந்த புதரும் அதே உயரம் என்பதால் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. காய்த்திருந்தது.

புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். அவர்கள் இருவரும் வெடிச்செடி என்பார்கள். முற்றிய காய் வெயிலில் வெடித்து நான்கு விதைகளைப் பத்தடிக்கு வீசும். விழுந்த விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கி, நினைத்தபோது முளைக்கும். அவள் வந்த வருடம் மேற்குச் சரிவு முழுவதும் அதுதான். தீவின் சொந்தச் செடி ஒன்றுகூட அங்கே உயிரோடு இல்லை. கையால் பிடுங்கினாள். பிடுங்கிய இடத்தில் நாற்று நட்டாள். தொடர்ந்து மூன்று வருடம் ஒரு விதைகூட மண்ணில் விழவில்லை என்று எழுதிக் கொடுத்தால் தீவு சுத்தம் என்று அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு இங்கே ஆள் தங்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து பார்த்தால் போதும்.

மூன்றாவது வருடம் முடிய இருபத்து நான்கு நாள் இருந்தது.

மகளுக்குப் பதினான்கு வயது. இவர்கள் தீவில் இருக்கும் எட்டு மாதமும் அவள் கரையில் மாமா வீட்டில் இருப்பாள். ஐந்து வயதில் படகைப் பிடித்துக்கொண்டு அழுதவள், பிறகு அழுவதை நிறுத்தினாள், பிறகு கரைக்கு வருவதையும் நிறுத்தினாள். இந்தமுறை வந்தாள். இதுதான் கடைசியா என்று கேட்டாள். இதுதான் கடைசி என்று அம்மா சொன்னாள். ஒரு விதை விழுந்தால் மறுபடி முதல் நாளிலிருந்து. மகளுக்குப் பதினேழு ஆகிவிடும்.

குடிசைக்கு வந்ததும் எடையைச் சொன்னாள். பிறகு கணவனின் நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள்.

பொரித்த இருபத்தைந்தாம் நாள்: நிழல் போதுமானது. முப்பத்து மூன்றாம் நாள்: செடி நன்றாக வளர்ந்திருக்கிறது, உச்சி வெயிலிலும் குஞ்சுக்கு மூச்சிரைப்பு இல்லை. நாற்பத்தோராம் நாள்: செடி பூத்துள்ளது.

"பூத்துள்ளது," என்று வாசித்தாள். "என்ன பூங்க?"

"மஞ்சளா இருந்துச்சு."

"மஞ்சளா."

சட்டைப் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். ஒன்பது வருடமாக அவள் பிடுங்கி வந்து வாசலில் காயப்போட்ட இலை.

"நான் குஞ்சத்தான் பார்த்தேன்," என்றான்.

"தெரியுது."

"எத்தனை காய்?"

"அறுபத்தொண்ணு. நாளைக்கு வெட்டிடறேன்."

"வெட்டினா குஞ்சு மத்தியானத்துக்குள்ள செத்துடும். இந்த வெயில்ல ஒரு மணி நேரம் தாங்காது."

"பலகை வச்சு நிழல் குடுங்க."

"போன வருஷம் ஆலாப் பறவைக் கூட்டுக்கு வச்சோமே. தாய் மூணு நாள் மேலயே சுத்திட்டு, இது நம்ம வீடு இல்லன்னு போயிடுச்சு. குஞ்ச நீதான் புதைச்சே."

"துரை ஒரு குஞ்சுதாங்க."

"அதுவும் ஒரு செடிதான்."

அவள் டம்ளரைத் தொட்டியில் போட்டாள். சத்தம் பெரிதாக வந்தது.

"அந்த ஒரு செடிதான் பாப்பாவுக்கு மூணு வருஷம்."

அவன் வீங்கிய காலைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றப் பார்த்தான். முடியாமல் மறுபடி ஏற்றி வைத்தான்.

"பத்தொன்பது நாள்," என்றான் கடைசியில். "அதுக்குள்ள பறந்துடும். உன் காய் எப்ப வெடிக்கும்?"

"அஞ்சாறு நாள்ல ஆரம்பிக்கும்."

முற்றிய காயைப் பறிக்க முடியாது. இழுத்தாலே வெடிக்கும். ஒவ்வொரு காய்க்கும் ஒரு பை மாட்டி வாயைக் கட்டிவிட்டால், உள்ளேயே வெடித்துவிட்டுப் போகட்டும். அவள் இரண்டு தலையணை உறைகளையும் உரித்து உள்ளங்கை அளவுக்கு வெட்டினாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து தைத்தான்.

"செடிக்குக் கோவணம் தைக்கிற வேலைக்கு வந்துட்டேன்," என்றான்.

"நேரா தைங்க. ஓரம் பிரியுது."

மறுநாள் காலை அவன் தடியை ஊன்றி நாடாவரை வந்து கடிகாரத்தோடு உட்கார்ந்தான். அவள் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனாள். மிக முற்றியதை முதலில் கட்ட வேண்டும். ஒரு கை காயின் காம்பைப் பிடிக்க, மறு கை பையை ஏற்ற, முள் இரண்டையும் கிழித்தது. புதுப் பூக்களைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டாள், வைக்க வேறு இடம் இல்லை. காதுக்கு அருகில் துரை விடாமல் கத்தியது.

"என்ன சொல்லுது?" என்றாள் வாய்க்குள்ளேயே.

"வாடகை கேக்குது," என்றான் வெளியே இருந்து. "ஏழு நிமிஷம்."

முதல் நாள் எட்டுக் காய். இரண்டாம் நாள் ஒன்பது.

நான்காம் நாள் ஒரு காய் பழுத்து, தோலில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அன்றைய வெயிலைத் தாங்காது. அது குஞ்சின் தலைக்கு நேர் மேலே இருந்தது. "பத்து," என்றான் அவன். அவள் வெளியே வரவில்லை. "பத்துன்னு சொன்னேன்." பையை ஏற்றிக் கட்டினாள். முடிச்சு இறுகும்போது குஞ்சின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. அரைபட்ட மீன் அவள் முழங்கையில் சூடாக வழிந்தது.

அன்று எடை நாற்பது கிராம் குறைந்திருந்தது. அவன் அதை நோட்டில் எழுதினான். ஏன் என்று எழுதவில்லை. அடுத்த நாளிலிருந்து அவளே ஒன்பதாவது நிமிடத்தில் வெளியே வந்தாள்.

எட்டாம் நாள் கடைசிக் காயையும் கட்டினாள். பிறகும் தினமும் போனாள். முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க. சில பைகளுக்குள் காய் ஏற்கெனவே வெடித்திருந்தது. விரலால் அழுத்தி விதைகளை எண்ணினாள். நாலு. நாலு. நாலு.

மாலையில் ரேடியோவில் அவள் அண்ணன் வருவான். படகு அவனுடையது. மாதம் ஒருமுறை சாமானும் கடிதமும் கொண்டுவந்து, அவர்கள் எழுதும் படிவத்தை வாங்கிப்போய் அலுவலகத்தில் கொடுப்பான்.

"மாப்ளே, கால் எப்படி இருக்கு?"

"ஊன்றேன் மச்சான். உங்க தங்கச்சி என்னை வேலைக்காரனா ஆக்கிட்டா."

"எங்க வீட்ல சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான். நாங்க தப்பிச்சோம், நீங்க மாட்டினீங்க. இருங்க, பாப்பா பக்கத்துலதான் நிக்குறா."

மகளின் குரல் தெளிவாக வந்தது. "அம்மா, உங்க ரூமுக்கு பெயிண்ட் அடிச்சுட்டேன். மாமா மஞ்சள் வேண்டாம்னாங்க. நான் மஞ்சள்தான் அடிச்சேன்."

"நல்லா இருக்கா?"

"பாதி என் தலையிலதான் இருக்கு. நீங்க வந்து பாருங்க."

அவள் ரேடியோவை வைத்தாள். செடியைப் பற்றி இருவரும் எதுவும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் காலை நிழல் காலியாக இருந்தது. எச்சமும் ஒரு வெள்ளை இறகும் கிடந்தன. அவன் கால் தேறியிருந்தது. பாறை விளிம்புவரை நடந்து போய்க் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கடலைப் பார்த்தான். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான் பாரு," என்றான். அவள் அருகில் போய் அவன் முதுகைத் தட்டினாள். பிறகு இருவரும் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

அடியோடு வெட்டி, விரித்த தார்ப்பாயில் மெதுவாகச் சாய்த்தார்கள். அவள் பைகளைப் பிரித்து எண்ணினாள். அறுபது சரியாக இருந்தன. அறுபத்தொன்றாவது தரையை ஒட்டிய கிளையில். முந்தைய நாள் தடவியபோது முழுசாக இருந்தது. இப்போது அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இரவில் நண்டு கடித்திருந்தது. காய் வெடித்திருந்தது. பைக்குள் ஒரே ஒரு விதை.

அவன் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தான். அவள் கயிற்றால் தரையைச் சதுரம் சதுரமாகப் பிரித்தாள். இரண்டாவது விதை கிளைக்கு நேர் கீழே கிடந்தது. மூன்றாவது நான்கடி தள்ளி, சருகின் மடிப்பில். அதன் பிறகு எதுவும் கிடைக்கவில்லை. மேல்மண்ணைச் சுரண்டிச் சல்லடையில் சலித்தார்கள். மறுநாளும் சலித்தார்கள். வலப்பக்கம் பாறை வெடிப்புகள். கம்பி நுழைத்தால் முழங்கை ஆழம் போனது.

"நாலு இருந்துச்சுன்னு என்ன நிச்சயம்?" என்றான் அவன். "மூணா இருந்திருக்கலாம்."

"நாலு அறை. நாலும் நிறைஞ்சிருந்த தடம் இருக்கு. பார்த்துட்டேன்."

"வெடிப்பு வழியா கடல்ல விழுந்திருக்கலாம்."

"இருக்கலாம்."

இருபதாம் நாள் படகு வர வேண்டிய நாள். அவள் மேசையில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வாசல் வழியாக வேகமாக வந்தான். முழங்காலில் மண் இருந்தது. உள்ளங்கையை விரித்தான்.

"கிடைச்சிடுச்சு."

அவள் வாங்கினாள். வெடிச்செடி விதைதான். கறுப்பு, ஓரத்தில் ஒரு மேடு. மூக்கருகே கொண்டு போனாள். அந்துருண்டை வாசம். தீவில் அந்துருண்டை இருப்பது ஒரே இடத்தில்தான். அலுவலகத்துக்குக் காட்டுவதற்காக ஒவ்வொரு களையின் விதையிலும் கொஞ்சம் எடுத்து அவள் பத்திரமாக வைத்திருக்கும் தகர டப்பாவில்.

அவள் விதையை அவன் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"டப்பாவை மூடிட்டு வந்தீங்களா? எறும்பு ஏறிடும்."

அவன் விதையோடு கையை மூடினான்.

"மூடிட்டேன்."

அவனும் உட்கார்ந்தான். அவள் தேநீரைப் பாதி அவனுக்கு ஊற்றினாள். குடித்தார்கள்.

"என் நோட்ல பூத்துருக்குன்னு நானே எழுதியிருக்கேன்," என்றான்.

"நாடாவைச் சுத்திப் போனது நான்."

அவள் பேனாவைத் திறந்தாள். செடி எண்ணிக்கை: ஒன்று. காய்: அறுபத்தொன்று. மீட்ட விதை: இருநூற்று நாற்பத்து மூன்று. மண்ணில் விழுந்து மீட்கப்படாதது: ஒன்று. கையெழுத்துப் போட்டாள். அவன் பக்கம் தள்ளினாள். அவனும் போட்டான்.

பத்து மணிக்குப் படகு வந்தது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கரையில் இருந்த வாளியில் காலைக் கழுவி, கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து உதறினான்.

"தங்கச்சி வீட்டுக்கு வர ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போற மாதிரி வர வேண்டியிருக்கு. என்ன மாப்ளே, பெட்டியெல்லாம் கட்டியாச்சா? முதல் நடையில பாதி ஏத்திடுவோம்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் படிவத்தை நீட்டினாள். வாங்கிக்கொள்பவனும் படித்துக் கையெழுத்திட வேண்டும். அண்ணன் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். கீழ் வரியில் அவன் கண் நின்றது. மறுபடி மேலிருந்து படித்தான்.

"இதை எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதிட்டேண்ணே."

அவன் மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை குனிந்து சாமான் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் கையெழுத்திட்டுப் படிவத்தை நான்காக மடித்து, நனையாத உறைக்குள் போட்டுச் சட்டைக்குள் வைத்தான். படகு அலையில் ஆடியது.

"சாயங்காலம் பாப்பா கரைக்கு வந்து நிப்பா. அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"