வர முடியாத நாட்கள்

படிவத்தின் முன்பக்கத்தை அவள் இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிட்டாள். வயது முப்பத்தைந்து. உயரம், கடைசியாக யாரோ அளந்தபோது ஐந்தடி மூன்று அங்குலம். மேடை அனுபவம் இல்லை. பாட்டு, பள்ளிக்கூடத்தில் கொஞ்சம். ‘விரும்பும் பாத்திரம்’ என்ற இடத்தில் மட்டும் அவள் எழுத வேண்டியிருக்கவில்லை. அத்தை அங்கே முன்பே ‘ரூத்’ என்று பட்டையாக எழுதித்தான் படிவத்தைக் கையில் கொடுத்திருந்தாள். பின்பக்கத்தில் மூன்று மாதத்துக்கான கட்டங்கள். அதற்கு மேலே, ‘வர முடியாத நாட்களில் குறுக்குக் கோடு போடவும்.’ அவள் பேனாவை மூடிப் படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

நூலகத்தின் மாடிக் கூடம் அது. மற்ற நாட்களில் இறகுப்பந்து ஆடுவார்கள் என்பதால் தரையெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகக் கோடுகள். வாசலருகே மேசை போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு ஆள் படுக்கக்கூடிய நீளத்துக்கு வெள்ளைத்தாள், மூலைக்கு ஒரு புத்தகம் வைத்து விரித்திருந்தது. ஒத்திகை அட்டவணை. முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போட்டவள் அத்தை. ஒருவன் லீவு கேட்கும் தேதிகளை வைத்தே அவனுக்குக் கல்யாணமா, கோர்ட்டா, பக்கத்து ஊரில் வேறு குடித்தனமா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். ஓய்வு பெற்ற பின் அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போய், இப்போது இந்த நாடகக் குழுவுக்குக் கிடைத்திருந்தது. யார் என்றைக்கு வர மாட்டார்கள் என்று படிவங்களைப் பார்த்து, ஆளுக்கு ஒரு வரிசையாகக் கறுப்புப் பென்சிலால் கட்டங்களை அடைத்துக்கொண்டிருந்தாள்.

குழு வருடத்துக்கு ஒரு நாடகம் போடும். இந்த வருடம் பைபிளில் வரும் ரூத்தின் கதை, பாதிக்கு மேல் பாட்டாக. நகோமி என்று ஒரு மாமியார். கணவன் போய், இரண்டு பிள்ளைகளும் போய், இரண்டு மருமகள்கள் மிஞ்சுகிறார்கள். உங்கள் வீட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று அவர்களை அனுப்புகிறாள். ஓர்பாள் அழுதுவிட்டுப் போய்விடுகிறாள். ரூத் போக மாட்டேன் என்று மாமியாரோடு ஒட்டிக்கொள்கிறாள். அதற்கப்புறம் கதை, வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றும் ரூத்துடையது. ஓர்பாள் போய் என்ன ஆனாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நாடகத்தை முடிவு செய்த அன்றே ரூத் யார் என்பதையும் தெருவே முடிவு செய்துவிட்டது. கணவன் இறந்து நாலு வருடமாக மாமியாரை விட்டு நகராத மருமகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? மருந்துக் கடையில், மாடிப்படியில், பஸ்ஸில் எல்லாம் அவளைப் பார்த்து ஒரு மாதிரித் தலையை ஆட்டுவார்கள். இந்தக் காலத்தில் யார் இருப்பார்கள் இப்படி, என்பது அந்த ஆட்டலுக்குப் பொருள். அவளுக்கு அது ஒவ்வொரு தடவையும் வேறு யாருக்கோ வந்த தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது போல இருக்கும். இரு என்று அத்தை சொன்னதில்லை. இருக்கிறேன் என்று அவளும் சொன்னதில்லை. முதல் மாதம் இறப்புச் சான்றிதழும் வங்கிக் காகிதமுமாகப் போனது. அடுத்து அத்தைக்குக் கண் ஆபரேஷன். அது முடிந்தபோது இரண்டு பேருக்கு ஒரு துவைக்கும் இயந்திரம் போதும் என்பதும், அத்தைக்குப் பிடிக்காத முட்டை மஞ்சள்கருவை அவள் சாப்பிட்டுவிடலாம் என்பதும் பழகியிருந்தது. இருந்துவிட்டாள், அவ்வளவுதான்.

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. படிவத்துக் கட்டங்களில் மூன்றாவதாக வரும் மாதம், ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். வேறு ஊர், இங்கிருந்து ஒரு முழு நாள் பயணம். குழந்தைகளுக்கான காது மருத்துவமனை. பிறந்த சிசுவுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பிரிவில் வேலை. படிக்கிற காலத்திலிருந்து அவள் ஆசைப்பட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். ஒரு ஆள் இருந்து, அவனைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்றால்கூடச் சொல்வது எளிது, நாலு பேர் சம்மதிப்பார்கள். எனக்குப் போக வேண்டும்போல இருக்கிறது என்பதை எந்த முகத்தோடு சொல்வது?

சொல்லாமலும் இல்லை, இரண்டு தடவை சொன்னாள். அத்தைக்கு வலது காது பாதிதான் கேட்கும். அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான், தன் மருத்துவமனையில், தான் காது பரிசோதிக்கும் கண்ணாடி அறையில் உட்கார வைத்து. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தாள். அத்தை மாட்டுவதில்லை, அது சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சாப்பிடும்போதும் நடக்கும்போதும் எப்போதும் அத்தையின் இடது பக்கம்தான் அவள் இடம். கடிதம் வந்த பிறகு இரண்டு முறை வலது பக்கம் போய் நின்றாள். ஒருமுறை தொலைக்காட்சி ஓடும்போது. இன்னொருமுறை பாத்திரம் கழுவும்போது, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு. சொல்லியும் ஆயிற்று, கேட்கவும் இல்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

இன்றைக்கு வந்ததற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ரூத் கிடைத்துவிட்டால் மூன்றாம் மாதக் கடைசியில் ஐந்து நாள் மேடை. முதன்மைப் பாத்திரம் பாதியில் எழுந்து போக முடியாது. மன்னிக்கவும், முடியவில்லை என்று திங்கட்கிழமை எழுதிவிடலாம். போகாமல் இருந்தது தானில்லை, நாடகம்தான் என்று ஆகிவிடும்.

“நீ வந்துட்டே இல்ல, இனி நாங்கெல்லாம் கதிர் பொறுக்குற கூட்டத்துல குனிஞ்சு நிக்க வேண்டியதுதான்” என்று பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தாள் பேக்கரிக்காரி. அதிகாலை வேலையை முடித்து நேராக வந்திருந்தாள். ஒரு புருவத்தில் மாவு இருந்தது. தனக்கும் மாமியார் உண்டு, ஆனால் அவரை விட்டுப் போக மாட்டேன் என்று பாடினால் வீட்டுக்காரரே எழுந்து சிரிப்பார் என்றாள். இருந்தாலும் ரூத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். பாட்டு ரூத்துக்குத்தானே இருக்கிறது என்பது அவள் நியாயம்.

நாடகத்தை நடத்துபவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்ப்பார். பாடுகிறவர் தடம் மாறினால் அவருடைய வலது கால் தன்னையறியாமல் தரையை ஓர் அழுத்து அழுத்தும். அந்தக் காலைப் பார்த்தே தேர்வா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். கீபோர்டில் பல் டாக்டர். நன்றாக வாயைத் திறந்து பாடுங்கள் என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். கூடம் ஒவ்வொரு தடவையும் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

அவள் முறை வந்தது. சட்டையில் ஊக்குப் போட்டுக் குத்திய ஒன்பதாம் எண்ணோடு மஞ்சள் கோட்டில் போய் நின்றாள். உன்னை விட்டுப் போக மாட்டேன் என்பதை எட்டு வரியில் எட்டு விதமாகச் சொல்லும் பாட்டு. குளியலறையில் ஒரு வாரமாகப் பாடியது. அவளே எதிர்பாராதபடி குரல் தெளிவாக எழுந்தது. ஐந்தாம் வரியில் மேலே போய் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. மாஸ்டரின் கால் அசையவே இல்லை. பேக்கரிக்காரி மூக்கைத் துடைப்பது தெரிந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தன் கண்ணாடி அறை நினைவுக்கு வந்தது.

பரிசோதனைக்கு வருகிறவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் அவள் வேண்டுமென்றே எந்தச் சத்தமும் அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் சிலர் அழுத்துவார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. நல்ல பெயரோடு வெளியே போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். ஏதோ கேட்டது மாதிரியே இருந்தது என்பார்கள், அதுவும் உண்மைதான். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. அந்த அழுத்தல்களைக் கணக்கில் சேர்க்க மாட்டாள், அவ்வளவுதான்.

எட்டாவது வரி முடிந்ததும் கைதட்டினார்கள். தேர்வில் கைதட்டக் கூடாது என்று மாஸ்டரே சொல்லியிருந்தார், அவரே முதலில் தட்டினார்.

பிறகு சம்பிரதாயத்துக்காக ஒரு காட்சி வாசிக்கச் சொன்னார். எல்லாரும் எல்லாவற்றையும் வாசித்துப் பார்ப்பது குழுவின் வழக்கம். பேக்கரிக்காரி ரூத், இவள் ஓர்பாள். நகோமிக்கு இன்னும் ஆள் வரவில்லை என்பதால் அத்தையே மேசையிலிருந்து வாசித்தால் போதும். அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளை வாங்கினாள். நடிக்கவெல்லாம் வராது, எழுத்தைப் படிக்கிறேன், அவ்வளவுதான் என்றாள்.

“உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள், மக்களே” என்று வாசித்தாள், பதினேழாம் நம்பர் வண்டி இரண்டாவது நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லும் குரலில். “எனக்காக நீங்கள் இருக்க வேண்டாம்.”

ஓர்பாளுக்கு மூன்று வரிதான் இருந்தது. நான் போகிறேன் அம்மா. அன்பு இல்லாமல் போகவில்லை. அன்பு இருக்கும்போதே போகிறேன். அதன் கீழே அடைப்புக்குள், ‘அழுதபடி செல்கிறாள்’. அழுகை வரவில்லை. முகவரி சொல்வது போல வந்தது மூன்று வரியும். மாஸ்டரின் கால் லேசாக அழுந்தியது.

“சட்டுனு போய்டும்மா. அவ கிளம்பினாதான் ரூத் வண்டியை எடுக்க முடியும்.”

ஓர்பாள் போக வேண்டிய வழி மேடைக்கு இடதுபுறக் கதவு. திறந்து உள்ளே போனாள். மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருக்கும் சிறிய அறை, பந்து வலை ஒன்று சுருட்டிக் கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்றாள். வெளியே பேக்கரிக்காரி போக மாட்டேன் என்று கொஞ்சம் அதிகமாகவே அழுவதும், நகோமி அடுத்த வரியைப் பிசகாமல் வாசிப்பதும் கேட்டது. காட்சி நின்றுவிடவில்லை. இடையில் அத்தை ஒருமுறை இருமினாள். இந்த வரியை நான் முன்பே படித்துவிட்டேனோ என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். நாற்காலிக் கம்பியின் குளிர் அவள் முதுகில் பட்டது. ஓர்பாள் இவ்வளவு நேரமும் இங்கேதான் இருந்திருக்கிறாள் என்று தோன்றியது. சொல்லிவிட்டு வந்தவளாக. அழுகிறவளாகக்கூட இல்லை.

வெளியே வந்தபோது மாஸ்டர் அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். பின்பக்கத்தை நிரப்பி அத்தையிடம் கொடுத்துவிட்டால் மற்றதை இன்று மாலையே சொல்லிவிடலாம் என்றார். அவள் தன் நாற்காலிக்குப் போய்ப் படிவத்தைத் திருப்பிவைத்தாள். முதல் மாதத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது மாதத்தில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையில் கணக்கெடுப்பு. மூன்றாவது மாதத்தின் முதல் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டாள். இரண்டாவதில் போட்டாள். மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிடலாம். ஆனால் அத்தைக்கு அப்படிக் கொடுத்தால் பிடிக்காது என்று தெரியும். ஒவ்வொரு கட்டமாகப் போட்டாள். முப்பது கட்டம். இருபதைத் தாண்டும்போது பேக்கரிக்காரி எட்டிப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் தன் கைப்பையைக் கிளறத் தொடங்கினாள்.

மேசையில் அத்தை முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே திருப்பி, ஒன்பதாம் எண் வரிசையில் விரலை வைத்தாள். பென்சிலை எடுத்து அந்தச் செவ்வாய்க்கிழமையை அடைத்தாள். மூன்றாம் மாதத்துக்கு வந்தபோது விரல் படிவத்தின் மேல் ஒருமுறை இடமிருந்து வலம் போய் வந்தது.

“ஒண்ணாந்தேதியில இருந்தா?”

“ஆமா அத்தை.”

“ஞாயிறு கூட வர முடியாதா?”

“முடியாது. தூரம்.”

அத்தை பென்சிலின் முனையைப் பார்த்தாள். சீவிக்கொண்டாள். பிறகு அடைக்க ஆரம்பித்தாள், ஓரத்தில் வெள்ளை தெரியாமல், எல்லாருக்கும் அடைத்த மாதிரியே. அவள் நின்றுகொண்டே இருந்தாள். முப்பதும் முடிந்ததும் அத்தை பென்சில் தூளை ஊதிவிட்டு, “பத்தாம் நம்பர்” என்று கூப்பிட்டாள்.

எல்லாம் முடிய ஐந்து மணி ஆயிற்று. அட்டவணையைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு, கையோடு எடுத்துக்கொண்டாள் அத்தை. மாஸ்டர் படிக்கட்டுவரை வந்து, ரூத் விஷயம் என்று ஆரம்பித்தார். திங்கட்கிழமை பேசலாம் என்று அத்தை அவரைத் திருப்பி அனுப்பினாள். தெருவில் வெயில் இன்னும் இருந்தது. சலவைக் கடையையும் வங்கியையும் தாண்டி நடந்தார்கள். பாலத்துக்கு முன்னால்தான் அவள் கவனித்தாள், தான் அத்தைக்கு வலது பக்கம் நடந்துகொண்டிருப்பதை. எப்போது இந்தப் பக்கம் வந்தாள் என்று தெரியவில்லை. கால்கள் தாமாகவே வந்திருந்தன.

“அன்னிக்குக் குழாயைத் திறந்து விட்டுட்டு என்னமோ சொன்னியே” என்றாள் அத்தை, முன்னால் பார்த்தபடி. “ஜன்னல் கண்ணாடில உன் வாய் அசையறது தெரிஞ்சுது. என்னன்னு தெரியல. தண்ணி வீணாப் போகுதேன்னு நெனச்சேன்.”

சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றார்கள். அத்தை சுருளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு அவளுக்குப் பின்னாலேயே மெதுவாகச் சுற்றி, ஒரு சைக்கிளுக்கு வழி விட்டு, அவளுடைய மறுபக்கம் வந்து நின்றாள். காதை மறைத்திருந்த நரைமுடியை விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் நின்றவர்கள் இருவரையும் விலகிக் கடந்து போனார்கள். அத்தையின் இடது காது, கம்மல் கழற்றிய சிறு துளையோடு, அவளுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.